கருமபீடத்திற்கு அப்பால் நிற்கும் பிரஜை

சாதாரண மனிதனுக்கு அரசாங்கம் என்பது நாடாளுமன்றமோ அமைச்சரவையோ அன்று. பிரதேச செயலகத்தின் கருமபீடமும், கிராம உத்தியோகத்தரின் மேசையும், பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகமுமே அவன் நேரில் காணும் அரசாங்கமாகும். அங்கு அவன் எவ்வாறு நடத்தப்படுகின்றான் என்பதைக் கொண்டே, இந்த நாட்டில் தனக்குரிய இடம் எது என்பதை அவன் உணர்ந்துகொள்கின்றான். அரசியல் தீர்வு குறித்தும் அதிகாரப் பகிர்வு குறித்தும் பல தசாப்தங்களாக எழுதியும் பேசியும் வந்துள்ள நாம், அன்றாட நிர்வாகத்தில் மக்கள் அனுபவிக்கும் சிறுமைகளை அதே அளவு கவனத்துடன் நோக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

ஒரு பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்தொன்று தவறிவிட்டால் நிகழ்வது என்ன என்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, பின்னர் அதனை ஆங்கிலத்திற்கு மாற்றி, மீண்டும் தமிழுக்குக் கொண்டுவரும்போது அப்பெயர் வேறொருவரின் பெயராகவே மாறிவிடுகின்றது. முகம்மது என்றும் முஹம்மத் என்றும் மொஹமட் என்றும் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகப் பதியப்பட்ட ஒரே மனிதர், தாம் ஒருவரே என்பதை நிரூபிப்பதற்குச் சத்தியக்கடதாசியுடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியுள்ளது. தோட்டப்புறங்களில் பிறந்தோரின் நிலை இதனிலும் மோசமானது. தவறிழைத்தது அரச பதிவேடு. அதற்கான செலவையும் அலைச்சலையும் ஏற்பதோ பிரஜை. நிர்வாகச் சீர்திருத்தம் என்னும் பெரிய விடயத்தை இந்தச் சிறிய இடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

இன்றைய நிர்வாகக் கட்டமைப்பு, மக்களுக்குச் சேவை செய்வதற்கென ஆரம்பத்தில் உருவாக்கப்பட்டதொன்றன்று. 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களின் கீழ் தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, வரி அறவிடுவதும் அமைதியைப் பேணுவதுமே அரசாங்க அதிபரின் தலையாய கடமைகளாக இருந்தன. கச்சேரி என்பது ஆட்சி இருக்கும் இடம். மக்கள் மனுவுடன் சென்று காத்திருக்கும் இடம். சுதந்திரத்தின் பின்னர் பெயர்கள் மாறின. 1963 ஆம் ஆண்டு இலங்கை சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில் கிராமத் தலைமைக்காரர் முறை நீக்கப்பட்டு கிராம சேவகர் என்ற பதவி வந்தது. பின்னர் அவரே கிராம உத்தியோகத்தரானார். ஆயினும் எமது கிராமங்களில் இன்றும் முதியவர்கள் அவரை விதானையார் என்றே அழைக்கின்றனர். பெயர் மாறிய அளவிற்கு உறவு மாறவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிர்வாகத்தை மக்களுக்கு அண்மையில் கொண்டுவரும் முயற்சிகள் நடைபெறவில்லை எனக் கூறுவதற்கில்லை. 1986 முதல் 1988 வரை ஷெல்டன் வணசிங்க தலைமையில் இயங்கிய நிர்வாகச் சீர்திருத்தக் குழு விரிவான அறிக்கைகளைச் சமர்ப்பித்தது. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம், அதுவரை மாவட்ட மட்டத்தில் அரசாங்க அதிபரிடம் குவிந்திருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. இன்று 25 மாவட்டங்களில் 330 இற்கும் மேற்பட்ட பிரதேச செயலகங்களும் ஏறத்தாழ 14,000 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இயங்குகின்றன. வரைபடத்தில் பார்க்குமிடத்து, நிர்வாகம் மக்களின் வாசலுக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்.

ஆனால் வரைபடம் எல்லோருக்கும் சமமானதாக வரையப்படவில்லை. மலையகத் தமிழ் மக்கள் செறிந்து வாழும் நுவரெலியா மாவட்டம் நீண்ட காலமாக ஐந்து பிரதேச செயலகங்களுடன் மட்டுமே விடப்பட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்திற்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அதேவேளை நாட்டின் வேறு பகுதிகளில் சில ஆயிரம் பேருக்கே தனியான செயலகங்கள் இருந்தன. புதிய பிரிவுகளை அமைக்கும் தீர்மானம் 2019 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியாகி, அதன் பின்னரே நோர்வூட், தலவாக்கலை போன்ற பிரிவுகள் உருவாகின. ஒரு நாட் சம்பளத்தை இழந்து, மலைப்பாதையில் பஸ் ஏறி, நண்பகலில் கருமபீடத்தை அடையும் தொழிலாளிக்கு, 'உரிய உத்தியோகத்தர் இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பதில் வெறும் தாமதமன்று. அது இன்னுமொரு நாட் சம்பளமாகும்.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலக விவகாரத்தையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. அதனைத் தரமுயர்த்துமாறு கோரி 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உண்ணாவிரதம் இருக்குமளவிற்கு அந்தப் பிரச்சினை வளர்ந்தது. தமது பிரதேசத்தின் எல்லைகள் எவ்வாறு அமையும் என்ற அச்சம் முஸ்லிம் மக்களிடமும், தமது அலுவலகம் முழு அதிகாரமின்றி விடப்பட்டுள்ளது என்ற மனக்குறை தமிழ் மக்களிடமும் உள்ளன. இரண்டையுமே நாம் மதிக்கின்றோம். ஆனால் எல்லைகள் எந்த அளவுகோலில் வகுக்கப்படுகின்றன என்பது வெளிப்படையாக இல்லாதவரை, ஒவ்வொரு புதிய அலுவலகமும் சமூகமொன்றின் வெற்றியாகவும் மற்றொன்றின் தோல்வியாகவுமே பார்க்கப்படும். மக்கள் தொகை, தூரம், போக்குவரத்து, மொழி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பொதுவான விதியொன்று இருந்திருப்பின், அயலவர்களாகிய இரு சமூகங்கள் ஒரு கட்டடத்திற்காக முகம் திருப்பிக்கொள்ளும் நிலை உருவாகியிருக்காது.

அடுத்து வருவது மொழி. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் இந்நாட்டு நிர்வாகத்தில் ஏற்படுத்திய காயம் அனைவரும் அறிந்ததே. அதன் தாக்கத்தை விளக்குவதற்குக் கோடீஸ்வரன் வழக்கு ஒன்றே போதுமானது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமைக்காகச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட அந்தத் தமிழ் இலிகிதர் நீதிமன்றம் சென்றார். 1964 ஆம் ஆண்டு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்திற்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாதென உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 1969 இல் கோமறைக் கழகம் வழக்குத் தொடரும் உரிமை உண்டெனக் கூறி, மொழிச் சட்டம் அரசியலமைப்பிற்கு உட்பட்டதா என்ற மூல வினாவை இலங்கை நீதிமன்றத்திடமே திருப்பி அனுப்பியது. 1972 ஆம் ஆண்டுப் புதிய அரசியலமைப்பு வந்ததோடு அந்த வினா விடையின்றியே மறைந்துபோனது.

அந்த நிலையிலிருந்து சட்டம் வெகுதூரம் முன்னேறியுள்ளது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம், சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதற்கும் நிர்வாக மொழிகள் என விதித்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் ஏனைய மாகாணங்களில் சிங்களமும் பதிவேடுகளைப் பேணும் மொழியாக இருக்கும். மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி வர்த்தமானி மூலம் பிரகடனப்படுத்தலாம். இவை பலருக்கும் தெரிந்தவை.

பலருக்குத் தெரியாதது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பகுதியாகும். சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள எந்தப் பிரதேசத்திலும், இருமொழிப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்படாத இடத்திலும்கூட, ஒருவர் தமிழில் அரச உத்தியோகத்தருடன் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும், பதிவேடுகளின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழில் கோரவும் உரித்துடையவர். காலியிலும் குருநாகலிலும் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்திற்கும், இரத்தினபுரித் தோட்டத்தில் வாழும் குடும்பத்திற்கும் இந்த உரிமை உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள சிங்களப் பிரஜைக்கும் இதே உரிமை சிங்களத்தில் உண்டு. ஒருவருக்குச் சலுகையாகவும் மற்றவருக்கு உரிமையாகவும் இது எழுதப்படவில்லை.

எழுதப்பட்டதற்கும் நடைபெறுவதற்கும் இடையிலான தூரமே பிரச்சினையாகும். வடக்கு, கிழக்கிற்கு வெளியே வாழும் தமிழ் பேசும் மக்களின் தேசிய அடையாள அட்டையில் அவர்களது பெயர் அவர்களது மொழியில் இடம்பெறுவதற்கு 2014 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழ் அரசகரும மொழியாகி அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவராக இருக்கையில், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுவோரைப் பொலிஸ் நிலையங்களில் காண முடிவது வெட்கத்திற்குரியதாகும். தாம் எதில் கையொப்பமிட்டோம் என்பதை அவர்கள் நீதிமன்றத்திலேயே அறிகின்றனர்.

இக்குறையைப் போக்குவதற்கெனப் பொது நிர்வாக அமைச்சு 07/2007 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 2007 ஜூலை முதலாம் திகதி முதல் சேவையில் இணைவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அதன் சாரம். 2012 ஆம் ஆண்டு மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தேர்ச்சி என்பது சம்பள ஏற்றத்திற்குத் தேவையான சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. பரீட்சையில் சித்தியடைந்த உத்தியோகத்தர், கருமபீடத்தில் தமிழில் ஒரு வாக்கியம் கேட்டதும் அருகிலுள்ள தமிழ் ஊழியரை அழைக்கின்றார். அந்த ஒருவரோ தமது கடமையையும் பார்த்து, முழு அலுவலகத்திற்கும் மொழிபெயர்ப்பாளராகவும் இயங்க வேண்டியவராகின்றார். அவர் விடுமுறையில் சென்ற நாளில் அந்த அலுவலகத்தில் தமிழும் விடுமுறையில் சென்றுவிடுகின்றது.

எனினும் பழி முழுவதையும் மொழியின் மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. உத்தியோகத்தரும் பிரஜையும் ஒரே மொழியைப் பேசும் வடக்கிலும் கிழக்கிலும் 'நாளை வாருங்கள்' என்பது அழகான தமிழிலேயே கூறப்படுகின்றது. காரணம் கூறாது திருப்பியனுப்புவதும், ஒரே நாளில் கேட்டிருக்கக் கூடிய ஆவணங்களை மூன்று நாட்களில் மூன்றாகக் கேட்பதும், தெரிந்தவருக்கு ஒரு வரிசை தெரியாதவருக்கு ஒரு வரிசை என நடப்பதும் எந்த இனத்திற்கும் தனியுரிமையான பழக்கங்களல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்கள், மீள்குடியேற்றத்திற்கும் காணிக்கும் பதிவிற்குமாக இரு மாவட்ட அலுவலகங்களுக்கிடையே அலைந்த கதை இதற்கு உதாரணமாகும். இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதிவுசெய்ய வழிசெய்யும் விசேட சட்டம் 2013 ஆம் ஆண்டில்தான் வந்தது. கருமபீடத்திற்கு இப்புறம் நிற்கும்போது மக்களாகவும் அப்புறம் அமர்ந்தவுடன் அரசாங்கமாகவும் மாறிவிடும் எமது சமூகத்தவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இதற்கான வேர் நியமனத்திலேயே உள்ளது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரச ஊழியர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகிய அதிகாரங்களை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. அதன் பின்னர் அரச பதவி என்பது அரசியல்வாதியின் கையால் கிடைக்கும் வெகுமதியாக மாறியது. 2001 ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களைக் கொண்டுவந்தது. 2010 இல் பதினெட்டாவது திருத்தம் அவற்றைப் பலவீனப்படுத்தியது. 2015 இல் பத்தொன்பதாவது திருத்தம் மீட்டது. 2020 இல் இருபதாவது திருத்தம் மீண்டும் கீழிறக்கியது. 2022 இல் இருபத்தோராவது திருத்தம் மீண்டும் நிறுவியது. இவ்வாறு ஆட்சிக்கு ஆட்சி ஊசலாடும் கட்டமைப்பின் கீழ், மக்களுக்குப் பதிலளிப்பதைவிட அரசியல் அதிகாரத்திற்கு அனுசரித்துப் போவதே பாதுகாப்பானதென உத்தியோகத்தர் கருதுவாராயின் அதில் வியப்பில்லை.

ஆளணிப் பற்றாக்குறை என்ற வாதமும் முன்வைக்கப்படுகின்றது. 2016 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, முப்படையினர் நீங்கலாகவே அரச மற்றும் பகுதியளவு அரச துறைகளில் 11 இலட்சத்திற்கும் அதிகமானோர் பணியாற்றினர். வேலையற்ற பட்டதாரிகளைத் தேர்தல் காலங்களில் தொகுதி தொகுதியாக உள்வாங்கியதால், மேசையின்றி அமர்ந்திருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஒருபுறமும், மொழிபெயர்ப்பாளர் வெற்றிடங்கள் மறுபுறமும் காணப்படுகின்றன. தொகையில் அன்று, பங்கீட்டிலேயே குறைபாடு உள்ளது.

2023 ஆம் ஆண்டில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். பயனாளிகளைத் தரவுகளின் அடிப்படையில் தெரிவுசெய்வது அரசியல் தலையீட்டைக் குறைக்கும் என்று கூறப்பட்டது. அது சரியான நோக்கமே. ஆனால் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. தாம் ஏன் நீக்கப்பட்டோம் என்பதை அறிய முடியாத ஏழைப் பெண்ணுக்கு, தீர்மானித்தது மனிதனா கணினியா என்பதில் வேறுபாடு இல்லை. 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட கவ்பே கட்டண முறை போன்ற டிஜிட்டல் ஏற்பாடுகளை நாம் வரவேற்கின்றோம். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டு, கடவுச்சீட்டிற்காக வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்லும் சுமை குறைந்தமையும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் காரணம் கூறும் கடப்பாடு இல்லாத நிர்வாகம் கணினிக்குள் புகுந்தால், பழைய மௌனமே புதிய வேகத்தில் தொடரும்.

மக்கள் கையிலுள்ள கருவிகளை அவர்கள் அறிந்திருப்பது அவசியம். 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. எந்தப் பிரஜையும் காரணம் கூறாமலே எந்தப் பகிரங்க அதிகாரசபையிடமும் தகவல் கோரலாம். எழுத முடியாதவர் வாய்மூலமாகக் கேட்டால் அதனை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தகவல் வழங்கப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். உயிர் அல்லது தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்டதாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். 'எனது விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் திகதியிலிருந்து உள்ளது?' என்ற ஒற்றைக் கேள்வி, மாதக் கணக்கில் உறங்கிய கோப்பை எழுப்பிவிட வல்லது.

மொழியுரிமை மறுக்கப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். உரிய மொழியில் கருமமாற்ற வேண்டுமென்றே தவறுவது அச்சட்டத்தின்படி குற்றமாகும். நிர்வாக அநீதிகளுக்கு 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிர்வாகத்திற்கான நாடாளுமன்ற ஆணையாளர், அதாவது குறைகேள் அதிகாரி, இருக்கின்றார். 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் மக்கள் அவரிடம் நேரடியாகவே மனுச் செய்ய முடியும். பாரபட்சம் காட்டப்பட்டிருப்பின் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவை நாடலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். இவற்றுட் பெரும்பாலானவை பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம் பெற்றவை என்பது மெய்யே. எனினும் எவரும் முறையிடாத நாட்டில், பிரச்சினையே இல்லை என அறிக்கை எழுதுவது மிக எளிதாகிவிடும்.

இந்நிலையில் எமது கோரிக்கைகள் பாரிய அரசியலமைப்பு மாற்றங்களை வேண்டி நிற்பவையல்ல. கையளிக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் இலக்கமும் திகதியும், முடிவு தரப்படும் நாளும் கொண்ட பற்றுச்சீட்டு வழங்கப்படல் வேண்டும். நிராகரிப்பின் காரணம் விண்ணப்பதாரியின் மொழியில் எழுத்தில் தரப்படல் வேண்டும். அரசே வழங்கிய ஆவணத்தின் 'அண்மைக்காலப் பிரதி'யை மக்களிடம் மீண்டும் மீண்டும் கேட்பதை நிறுத்தி, திணைக்களங்கள் தமக்கிடையே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டுத் தவறைத் திருத்தும் செலவு தவறிழைத்த அலுவலகத்தையே சார வேண்டும். இரண்டாம் மொழித் தேர்ச்சியைக் கருமபீடத்தில் பேசும் திறனைக் கொண்டே அளவிட வேண்டும். 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் பயனாக அலுவலகச் சுவர்களில் தொங்கும் பிரஜைகள் சாசனத்திற்கு அமையச் சேவை வழங்கப்பட்டதா என்பதை ஒவ்வொரு பிரதேச செயலகமும் ஆண்டுதோறும் புள்ளிவிபரங்களுடன் வெளியிட வேண்டும். இவற்றுட் பலவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. தேவைப்படுவது மனமும் மேற்பார்வையுமே.

மக்கள் பிரதிநிதித்துவத்தை வெற்றிடமாக விடாதிருப்பதும் இதனுடன் இணைந்ததாகும். 2017 இற்கும் 2019 இற்கும் இடையில் பதவிக்காலம் முடிவடைந்த மாகாண சபைகள் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநர்களின் கீழ் விடப்பட்டன. 2023 மார்ச்சில் காலாவதியான உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதியே தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் வீதி விளக்கு எரியாவிட்டாலும் முறையிடுவதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் இருக்கவில்லை. உத்தியோகத்தரைக் கேள்வி கேட்கும் பிரதிநிதி இல்லாத இடத்தில், நல்ல உத்தியோகத்தரும் நாளடைவில் அதிகாரியாகிவிடுகின்றார்.

கடமையுணர்வுள்ள உத்தியோகத்தர்கள் எம்மத்தியில் நிறையவே உள்ளனர். யுத்த காலத்திலும் கடற்கோள் அனர்த்தத்தின்போதும் உயிரைப் பணயம் வைத்து மக்களுக்குச் சேவையாற்றிய பிரதேச செயலாளர்களையும் கிராம உத்தியோகத்தர்களையும் வடக்கு, கிழக்கு மக்கள் மறந்துவிடவில்லை. அத்தகையோர் விதிவிலக்காக அன்றி வழமையாக அமையும் வகையில் முறைமையை மாற்றுவதே சீர்திருத்தமாகும். நல்லவர் ஒருவர் அமர்ந்திருக்கும் நாளில் மட்டும் நீதி கிடைக்குமாயின் அதற்குப் பெயர் நிர்வாகமன்று, அதிர்ஷ்டம். இந்நாட்டின் பிரஜை அதிர்ஷ்டத்தை நம்பி வரிசையில் நிற்க வேண்டியவனல்லன் என்பதை ஆட்சியாளர்கள் எப்போது உணரப் போகின்றனர்?